வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் ஆர்ட்டிஸ்ட் வீட்டில் கல்யாணம் வைத்தால், ஆர்ட்டிஸ்ட் மட்டும் வரமாட்டார். மதுரையில் பேனர் எழுதிப் பிழைத்த குடும்பங்களில் இது பழைய கேலி. செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள். 17 பெரியார் பிறந்தநாள். 1949-ல் தி.மு.க. தொடங்கப்பட்டதும் அதே 17-ம் தேதிதான். மூன்றையும் சேர்த்து முப்பெரும் விழா எடுப்பது கட்சியின் வழக்கம். அண்ணாவின் பெயரைக் கட்சிப் பெயரிலும் உருவத்தைக் கொடியிலும் வைத்திருக்கிற அ.தி.மு.க.வும் 15-ம் தேதியைச் சும்மா விடாது. அந்த வாரம் ஆர்ட்டிஸ்டுகள் சாரத்தின் மேலேயே சாப்பிட்டு, சாரத்தின் மேலேயே தூங்கினார்கள்.

சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் கடை வைத்திருந்தவர் அவர். எழுபதை நெருங்கியவர். ஊர்க்காரர்களுக்கு 'ஆர்ட்டிஸ்ட் அண்ணன்'. "ஊரு பேரெல்லாம் எழுதியாச்சு, எம் பேரு எதுக்கு, அப்படியே போடுங்க" என்று சொல்லிவிட்டதால் இங்கேயும் அப்படியே. தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் அவர் போய்ச் சேர்ந்தாராம். முழங்கை வரை சிவப்பு பெயின்ட். "மண்டபத்துல பாதிப்பேரு எங்கயோ வெட்டுக்குத்துன்னு நெனச்சு எந்திரிச்சுட்டாங்க."

அவர் கடைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அமாவாசை, கிருத்திகைக்கு மேல் பென்சிலால் வேறொரு பஞ்சாங்கம் குறித்திருக்கும். ஜனவரி 17 எம்.ஜி.ஆர். ஜனவரி 30 மு.க.அழகிரி, மதுரையில் கொஞ்ச காலம் அந்தத் தேதியில் வெள்ளைச் சுவர் பார்ப்பதே அரிதாக இருந்தது. பிப்ரவரி 24 ஜெயலலிதா, அடுத்த ஒரு வாரத்துக்குள் மார்ச் 1 ஸ்டாலின். ஏப்ரல் 14 அம்பேத்கர். ஜூன் 3 கலைஞர். இளையராஜா பிறந்ததும் ஜூன் 3-ல்தான் என்றாலும், கலைஞர் மேல் உள்ள மரியாதைக்காக 2-ம் தேதியே கொண்டாடுகிறார். பண்ணைப்புரம் பக்கத்து ரசிகர்கள் முதல் தேதி சாயங்காலமே தட்டி கேட்டு வந்துவிடுவார்கள். ஜூலை 15 காமராஜர். ஆகஸ்ட் 25 விஜயகாந்த். அக்டோபர் 1 சிவாஜி, மறுநாள் காந்தி. அக்டோபர் 30 முத்துராமலிங்கத் தேவர்: ஜெயந்தியும் குருபூஜையும் ஒரே நாளில் வருவதால் வாழ்த்துக்கும் அஞ்சலிக்கும் ஒரே துணி போதும். நவம்பர் 7 கமல், டிசம்பர் 12 ரஜினி. ரஜினி முடிந்தால் எம்.ஜி.ஆர். வேலை சூடுபிடிக்கும் வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த மார்கழியில்தான் பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கடையை ஒழுங்குபண்ணுவார்.

இத்தனை பேர் பிறந்தநாளை மனப்பாடமாக வைத்திருந்தவருக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. அழகர் ஆற்றில் இறங்கின மூன்றாம் நாள் பிறந்ததாக அம்மா சொல்வார். எந்த வருஷத்து அழகர் என்று கேட்டால் அம்மாவுக்குக் குழப்பம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். விரல் காதைத் தொட்டது. அவரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பையன்களுக்கு ஜூனில்தான் பிறந்தநாள். அந்தத் தலைமுறையில் தேதி பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடிய வீடு தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். நட்சத்திரம் தெரிந்தவர்கள் மீனாட்சியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், அதோடு சரி. தேதி, வயது, வாழ்த்து, மாலை என்பதெல்லாம் தலைவர்களுக்கு உரிய சங்கதி.

1970-களின் தொடக்கத்தில் அவர் எடுபிடியாகச் சேர்ந்தபோது, முதல் வேலை வஜ்ஜிரம் காய்ச்சுவது. கட்டி வஜ்ஜிரத்தை முதல்நாள் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் சூடுகாட்டி, பவுடர் கலரில் கலக்க வேண்டும். குறைந்தால் காய்ந்ததும் கலர் கையோடு வரும். கூடினால் துணி வெடிக்கும். நாற்றம் சொல்லி மாளாது. ரீப்பர் சட்டத்தில் துணியை இழுத்து ஆணியடித்து, சுண்ணாம்புப் பவுடர் பூச்சு கொடுத்துக் காயவைத்த பிறகு, நீலத்தில் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இருவர் பிடித்துச் சுண்டுவார்கள். அடிக்கு ஒரு கோடு. போஸ்ட் கார்டு அளவு போட்டோவின் மேலும் பென்சிலால் அதே எண்ணிக்கையில் கட்டம். மூக்கு எந்தக் கட்டத்தில் முடிகிறது, காது எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று எண்ணி எண்ணி இழுப்பதுதான் கலை. கிட்டே நின்றால் முகம் தெரியாது. ஆர்ட்டிஸ்ட் ஒரு கோடு இழுத்துவிட்டு, சாலையைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அடுத்த கோடு இழுப்பார்.

கட்-அவுட் இன்னும் விசித்திரம். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகைகளைத் தரையில் பரப்பி வரைவார்கள். கண் ஒரு பலகையில், உதடு இன்னொன்றில். சவுக்குச் சாரத்தில் ஒவ்வொன்றாக ஏற்றிக் கட்டும்போதுதான் தலைவர் தலைவராக ஆவார். 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்குச் சென்னை சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு 80 அடி கட்-அவுட் வைத்த கதையை, ராமாயணம் சொல்வதுபோல் மதுரை ஆர்ட்டிஸ்டுகள் எடுபிடிப் பையன்களுக்குச் சொல்வார்கள்.

அவரை முதன்முதலில் முகம் வரைய விட்டது காமராஜருக்கு. ஜூலை 15-க்கு ஒரு வட்டாரக் கூட்டம், ஆறடித் துணி. கறுப்பும் காவியும் கொஞ்சம் வெள்ளையும் இருந்தால் காமராஜர் வந்துவிடுவார்; அகலமான நெற்றியும் மீசையுமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். பெரியாரும் சுலபம். பிரஷ்ஷை அரைகுறையாகத் துடைத்து, வறண்ட வெள்ளையில் தாடியை மேலிருந்து கீழே இழுத்தால் போதும். எம்.ஜி.ஆருக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ரோஸ் நிறம். தொப்பி போட்டுவிட்டால் கீழே யாரை வரைந்தாலும் ஜனங்கள் எம்.ஜி.ஆர். என்றே கும்பிடுவார்கள் என்பது தொழிலுக்குள் இருந்த நகைச்சுவை. கலைஞருக்குக் கண்ணாடியில் விழுகிற வெளிச்சத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நூல் தள்ளிப்போனால் கண்ணாடி வேறு, கலைஞர் வேறாகிவிடும்.

கஷ்டம் அண்ணாதான். குட்டையான கழுத்து, மழிக்காத தாடை, வெற்றிலைக் காவியேறிய பல். அழகாக வரைந்தால் அண்ணாவாக இருக்காது. உள்ளபடி வரைந்தால் கட்சிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவருடைய குரு ஒரு வழி வைத்திருந்தார். வாயை மூடிவிடு, கண்ணில் மட்டும் சிரிப்பு வை. கண்ணுக்குக் கீழே இளஞ்சிவப்பில் ஒரு சின்ன வளைவு, அதற்குக் கீழே பழுப்பில் இன்னொரு வளைவு. அந்த இரண்டு வளைவைப் பிடிக்க அவருக்குப் பல செப்டம்பர்கள் ஆயின.

1975 அக்டோபர் 2-ம் தேதி காந்தி ஜெயந்திக் கூட்டத்துக்குத் துணி கட்டி முடித்திருந்த நேரத்தில்தான் காமராஜர் இறந்த செய்தி வந்தது. காந்திக்குக் கட்டிய சாரத்தின் பக்கத்திலேயே, பின்னேரம் காமராஜருக்கு ஒரு துணி ஏறியது. பழைய ஜூலைத் துணியைத்தான் எடுத்து, 'வாழ்க' என்ற எழுத்தின் மேல் வெள்ளை அடித்து மாலை வரைந்தார்களாம்.

ஆனால் அவர் வாழ்நாளில் மறக்க முடியாத பிறந்தநாள் எது என்று கேட்டால், யோசிக்காமல் 1988 ஜனவரி 17 என்பார்.

1987 டிசம்பர் நடுவிலேயே எம்.ஜி.ஆர். பிறந்தநாளுக்குச் சுவர் பிடிக்கிற வேலை ஆரம்பமாகிவிட்டது. இதற்கொரு முறை உண்டு. சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரையும் வருஷத்தையும் மூலையில் எழுதிவிட்டால் அந்தச் சுவர் அந்தக் கட்சிக்கு, இன்னொருவர் தொடமாட்டார். வீட்டுக்காரரைக் கேட்பதெல்லாம் அபூர்வம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் போட்டாயிற்று. சுவர்களுக்கு அது தெரியாது. கடையில் சிரித்த முகத்தோடு, கை உயர்த்திய எம்.ஜி.ஆர். கட்-அவுட்டுகள் பாதி வேலையில் கிடந்தன. டிசம்பர் 24 விடியற்காலை செய்தி வந்தது. பெரியார் மறைந்ததும் 1973-ல் இதே டிசம்பர் 24-ல்தான்.

ஊரே அடைத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் கட்சிக்காரர்கள் கடைக்கதவைத் தட்டினார்கள். "இருக்கறதக் குடுங்கண்ணே, மாலையப் போட்டு வச்சுக்கிறோம்." சிரிக்கிற முகத்துக்கு அஞ்சலி மாலையா என்று இவர் தயங்க, வந்தவர், "தலைவர் என்னைக்குண்ணே அழுதாரு?" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கண் வீங்கியிருந்தது.

தலைவர் போனதோடு ஜனவரி 17 ஆர்டர் நின்றுவிடும் என்றுதான் அவர் நினைத்தார். இரண்டு மடங்கானது. ஜனவரி 7-ம் தேதி ஜானகி அம்மாள் முதலமைச்சராகப் பதவியேற்றார். கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் தாங்கள்தான் உண்மையான வாரிசு என்று காட்ட முதலில் கிடைத்த தேதி அந்தப் பிறந்தநாள். காலையில் ஒரு கோஷ்டி வந்து, எம்.ஜி.ஆருக்குப் பக்கத்தில் ஜானகி அம்மாளை வைத்துத் துணி கேட்டுப் போகும். சாயங்காலம் இன்னொரு கோஷ்டி ஜெயலலிதாவை வைத்து. இரண்டு கோஷ்டியும் ஒரே சந்தில் சந்தித்துவிடக் கூடாது என்பதற்காகக் கடையின் பின்கதவை அந்த மாதம்தான் முதன்முதலாகத் திறந்தார்கள். ஒரே போட்டோ, ஒரே கட்டம், ஒரே சிரிப்பு. பக்கத்தில் யார் என்பதுதான் வேறு. ஜனவரி 30-ல் ஆட்சியே கலைந்தது. ஒரு வருஷம் கழித்துத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஒரு பக்கம் சேவலும் மறுபக்கம் இரட்டைப் புறாவும் வரைய வேண்டி வந்தபோது, இலை வரைந்தே பழகிய கைகளுக்குப் புறாவின் கழுத்து லேசில் பிடிபடவில்லை.

அந்த ஜனவரியிலிருந்துதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. பிறந்தநாள் விளம்பரத்தில் பிறந்தவர் ஒரு சாக்கு. விளம்பரம் வாழ்த்துகிறவருக்கு. பிறந்தவர் உயிரோடு இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை.

சொல்லப்போனால், இறந்த தலைவர்களுக்குத்தான் வயது துல்லியமாக ஏறிக்கொண்டே போகிறது. அதிலும் கணக்கு கட்சிக்குக் கட்சி மாறும். பிறந்த நாளையே முதல் பிறந்தநாளாக எண்ணினால் 94 வயது நிறைகிற நாள் 95-வது பிறந்தநாள். 2018 ஜூன் 3-ல் கலைஞருக்கு தி.மு.க. கொண்டாடியது 95-வது. அவர் இருந்து கொண்டாடிய கடைசிப் பிறந்தநாளும் அதுவே. ஆகஸ்ட் 7-ல் மறைந்தார். அண்ணாவுக்கு நூற்றாண்டு 2008 செப்டம்பரில் தொடங்கியதும், கலைஞருக்கு 2023 ஜூனில் தொடங்கியதும் இதே கணக்குதான். அண்ணா நூற்றாண்டு தொடங்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளைச் சிறையிலிருந்து விட்டார்கள். எம்.ஜி.ஆருக்கோ நூறு நிறைந்த 2017-ல் நூற்றாண்டு; அரசு விழாக்களின் வரிசை தொடங்கியது மதுரையில், அந்த வருஷம் ஜூன் 30-ல். எண்ணைத் தப்பாகப் போட்டால் மொத்தத் துணியும் வீண் என்பதால், ஆர்டர் எடுக்கும்போதே 'நிறைவா, தொடக்கமா' என்று கேட்டு எழுதிக்கொள்வது கடையின் வழக்கம். நடிகர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ரசிகர்கள் பெரும்பாலும் எண் போடமாட்டார்கள். தலைவருக்கு வயது ஏறினால் பெருமை, நாயகனுக்கு ஏறினால் தர்மசங்கடம்.

ரசிகர் மன்றத்து ஆர்டர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் கொஞ்சம் இளகும். கட்சிக்காரர்கள் பாக்கி வைப்பார்கள். மன்றத்துப் பையன்கள் வைத்ததில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், ரிக்‌ஷா ஓட்டுகிறவர், பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர் எல்லாரும் சேர்த்த சில்லறையை ஒரு துண்டில் முடிந்து கொண்டுவந்து கொட்டுவார்கள். எண்ணி முடிக்க அரைமணி ஆகும். டிசம்பர் 12 வடகிழக்குப் பருவமழை முடியாத காலம். வஜ்ஜிரக் கலர் நனைந்தால் ரஜினி முகம் வேட்டி வரைக்கும் வழிந்துவிடும். அதனால் ரஜினிக்கு மட்டும் ஆயில் பெயின்ட். செலவு கூடினாலும் பையன்கள் பேரம் பேசமாட்டார்கள். கமல் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றியபின் நவம்பர் 7 பேனர்களில் அவர் படத்தைவிட 'ரத்ததான முகாம்' என்ற எழுத்து பெரிதாக வேண்டும் என்பார்கள். மதுரைக்காரரான விஜயகாந்துக்கு அவர் பிறந்தநாளே 'வறுமை ஒழிப்பு தினம்'. தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, மூன்று சக்கர வண்டி எல்லாம் பேனரின் ஓரத்தில் வரைந்தாக வேண்டும். மனித முகத்தைவிடத் தையல் மெஷின் சக்கரம் கஷ்டம் என்பது அவர் அனுபவம். 2011 ஏப்ரல் கடைசியில், தன் நாற்பதாவது வயதுக்குச் சில நாள் முன்னால் அஜித் மன்றங்களைக் கலைத்துவிட்டபோது, மே தின ஆர்டர்கள் போய்விடுமே என்று கடையில் கவலைப்பட்டார்கள். போகவில்லை. மன்றப் பெயர் இருந்த இடத்தில் தெருப்பெயர் வந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் கடையில் பெயின்ட் வாசம் போயிருந்தது.

2000-களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் மெஷின் மதுரைக்கு வந்தது. இருபதுக்குப் பத்து பேனரை ஆர்ட்டிஸ்டும் இரண்டு உதவியாளர்களும் ராத்திரி பகலாக வரைந்த காலம் போய், மெஷின் அதை ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் கூடத் துப்பிவிட்டது. கூலி சதுர அடிக் கணக்கு. கூட இருந்தவர்களில் சிலர் வண்டி நம்பர் பிளேட்டுக்குப் போனார்கள். சிலர் கோயில் கோபுரத்துக்கு வண்ணம் தீட்ட. சிலர் அபார்ட்மென்டுக்குச் சுவர் அடிக்க. இவர் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டு, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "தம்பி, கழுத்துக்குக் கீழ ஒரு நெழல் போடுப்பா, தல தனியா மெதக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் போடமாட்டான். தலைவரின் தலையை வெட்டி, கோட்டு சூட்டு போட்ட இன்னொருத்தர் உடம்பில் ஒட்டி, பின்னால் சிங்கமும் அருவியும் வைத்து அனுப்பிவிடுவான்.

ஃப்ளெக்ஸ் கைத்தொழிலை அழித்தது என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் சொல்வது வேறு. அது பிறந்தநாளையே மாற்றிவிட்டது என்பது அவர் கட்சி. கையால் வரைந்த காலத்தில் ஒரு முகத்துக்கு ஒரு நாள் கூலி. அச்சகத்திலும் அப்படித்தான்: லெட்டர் பிரஸ்ஸில் படம் போட துத்தநாக பிளாக் வேண்டும், தலைவர்களின் பிளாக்கை அச்சகத்தார் அலமாரியில் தயாராக வைத்திருப்பார்கள், வட்டச் செயலாளருக்குப் புதிதாகச் செய்ய வேண்டும், காசு. ஆகவே தலைவருக்கு முகம், மற்றவர்களுக்குப் பெயர். கீழே 'இவண்' என்று போட்டு நாலைந்து பெயர், தீர்ந்தது. ஃப்ளெக்ஸில் ஒரு முகத்துக்கும் அறுபது முகத்துக்கும் ஒரே விலை. முகம் மலிந்ததும், வாழ்த்துகிற எல்லாரும் பேனரில் ஏறிவிட்டார்கள். மூலையில் முன்னோடித் தலைவர்கள் வட்டத்துக்குள் சுருங்கினார்கள். பிறந்தநாள்காரர் ஓர் ஓரமாகக் கைகூப்பி நின்றார். அடியில் தபால்தலை அளவில் வரிசை வரிசையாக வாழ்த்தும் உள்ளங்கள். நடுவில், செலவைக் கொடுத்தவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்.

கூடவே வந்தது அளவுச் சண்டை. ஒரே பகுதியில் இரண்டு பிரமுகர்கள். யாருக்குக் கீழேயும் யாரும் இல்லை. பிறந்தநாள் அவர்கள் தலைவருக்கு. ஆர்ட்டிஸ்ட் அண்ணன் யோசித்து, இரண்டு பேரையும் பேனரின் இரண்டு கோடியில், ஒரே உயரத்தில் நிற்க வைத்தார். மறுநாள் காலை ஒருவர் டெய்லர் டேப்போடு கடைக்கு வந்துவிட்டார். ஏணி போட்டு ஏறி அளந்தே பார்த்திருக்கிறார்.

"அவனுக்குப் பத்தரை இருக்குண்ணே. எனக்குப் பத்துதான்."

"தலைவரே, அது முடி. அவருக்குச் சுருட்டை முடி, மேல நிக்குது. மோவாய்ல இருந்து நெத்தி வரைக்கும் அளந்து பாருங்க, சரியா இருக்கும்."

அவர் முடி கொட்டிய தலையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அப்ப எனக்கு ஒரு தொப்பியாச்சும் வச்சிருக்கலாம்ல" என்றார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் படம் தலைப்பாகையோடுதான் வந்தது.

'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்ற வரியும் இந்தக் காலத்தில்தான் கணக்கு வழக்கில்லாமல் பெருகியது. வாழ்த்துகிறவருக்கு அறுபத்திரண்டு, தலைவருக்கு நாற்பத்தெட்டு என்றாலும் அந்த வரி வேண்டும். பையனின் கம்ப்யூட்டரில் அது தயாராகவே இருந்தது. வானவில் எழுத்துருவில், சிவப்பில் மஞ்சள் விளிம்போடு.

அரசியலுக்கு வெளியே இருந்து அவருக்கு வந்த முதல் பிறந்தநாள் ஆர்டர், பெயின்ட் காலத்தின் கடைசி வருஷங்களில் ஒரு நகைக்கடைக்காரர் பேரனுக்கு. துணியில் மிக்கி மவுஸ், பலூன், நடுவில் குழந்தை. குழந்தை முகத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கோடும் கிடையாது, வரைந்து முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது என்பார். ஃப்ளெக்ஸ் வந்ததும் முச்சந்திக்கு முச்சந்தி ஒரு வயதுப் பிள்ளைகள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றன. 'எங்கள் குலக்கொழுந்தே' என்று தொடங்கி, கட்சிக்காரர்களிடமிருந்து இரவல் வாங்கிய பட்டங்களோடு முடியும். வரிசையும் அதே வரிசைதான். மூலையில் வட்டத்துக்குள் காலஞ்சென்ற தாத்தா. கைகூப்பத் தெரியாததால் பிள்ளை உட்கார்ந்திருக்கும். நடுவில் செல்போனோடு நடந்து வருகிறவர் தாய்மாமன். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் சீர் செய்கிறவர் அவர், விட்டுக்கொடுப்பாரா? பெரியப்பா, சித்தப்பாக்கள் அளவு டேப் எடுத்து வந்த கதைகள் அவரிடம் ஏராளம்.

2017 அக்டோபரில் உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கடையில் ஒரு வாரம் சிரிப்பும் பயமுமாகக் கழிந்தது. "அப்ப கண்ணீர் அஞ்சலி மட்டும் அடிக்கலாமாண்ணே?" என்றான் பையன். 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே மலையம்பாக்கத்தில், ஒரு ரவுடியின் பிறந்தநாளுக்குக் கூடிய எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் வளைத்துப் பிடித்தது. பிறந்தநாள்காரர் அரிவாளால் கேக் வெட்டுகிற படம் ஊரெல்லாம் சுற்றியது. அதன்பிறகு மதுரையிலும் முகம் தெரியாத ஆள் பிறந்தநாள் ஆர்டரோடு வந்தால், கடைக்காரர்கள் எந்த ஏரியா, என்ன வேலை என்று பேச்சுக்கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

2019 செப்டம்பர் 12 வேறு. பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த கல்யாண பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் சரிந்தது; கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. மூன்று நாளில் அண்ணா பிறந்தநாள். கடையில் அடித்து முடித்த ஃப்ளெக்ஸ்கள் சுருட்டிக் கிடந்தன. பேனர் வைக்காதீர்கள் என்று கட்சித் தலைமைகளும் நடிகர்களும் அடுத்தடுத்து அறிக்கை விட்டார்கள். யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. பாக்கியையும் அவர் கேட்கவில்லை. இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேச்சை இழுத்தால், "சாரம் கட்டத் தெரியாதவன் கையில கம்பக் குடுத்தா அப்படித்தான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அவர் காலத்தில் காற்று போக துணியில் பிறை வடிவத்தில் கிழிசல் வைப்பார்களாம். ஃப்ளெக்ஸில் கிழித்தால் எந்த முகத்தைக் கிழிப்பது என்ற பிரச்சினை.

கொஞ்ச நாளைக்குச் சுவர் எழுத்து திரும்பி வந்தது. பழைய பிரஷ்களைத் தேடி எடுத்தார். கை நடுங்கினாலும் அண்ணாவின் கண்ணுக்குக் கீழே அந்த இரண்டு வளைவும் சரியாகவே விழுந்தன என்கிறார்கள், கூடப் போனவர்கள். இப்போது அதுவும் குறைவு. பிறந்தநாள்கள் செல்போனுக்குள் போய்விட்டன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சதுரமாக ஒரு டிசைன், ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் வேண்டும். கடையைப் பையனே எடுத்து நடத்துகிறான். ஆர்ட்டிஸ்ட் அண்ணன் சாயங்காலங்களில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற ஆர்டர்களை வேடிக்கை பார்ப்பார்.

போன மாதம் ஓர் இளைஞர் தன் நண்பனின் பிறந்தநாளுக்கு டிசைன் கேட்டு வந்தார். வாழ்த்துகிறவர்கள் படம் மட்டும் முப்பதுக்கு மேல். பையன் எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டினான். இளைஞர் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாம் சரிண்ணே. எம் படத்த மட்டும் கொஞ்சம் மேல ஏத்துங்க. இவன் எனக்கப்புறந்தான் குரூப்ல சேர்ந்தான்."

"பிறந்தநாள்காரர் படம் எங்கப்பா?" என்று கேட்டார் ஆர்ட்டிஸ்ட்.

இளைஞர் போனைத் துழாவினார். அந்தப் படத்தை அனுப்ப மறந்திருந்தார்.